சமூகக் காரணம்

1990-களில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் ஒரு விநோதமான மரணக் காரணம் இருந்தது. குறைப்பிரசவம், மூச்சுத்திணறல், நிமோனியா, ரணஜன்னி என்று போகிற பட்டியலில் நடுவே 'சமூகக் காரணம்'. எந்த மருத்துவப் பாடநூலிலும் இல்லாத நோய். ஆனால் எழுதியவருக்கும் அர்த்தம் தெரியும், படித்தவருக்கும் தெரியும். பிறந்தது பெண், வீட்டிலேயே கொன்றுவிட்டார்கள்.

கொலை என்று எழுதினால் போலீஸ் வர வேண்டும். நோய் என்று எழுதினால் பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து, அரசாங்கப் பேப்பரில் ஏற்றி வைத்திருந்தார்கள். கோழைத்தனமான வார்த்தை என்று சொல்லலாம். ஆனால் பல கிராம சுகாதார செவிலியர்கள் தங்கள் பதிவேட்டில் அதை எழுதி வைத்ததால்தான் தமிழ்நாட்டின் எந்த ஒன்றியத்தில் எத்தனை பெண் குழந்தைகள் காணாமல் போகிறார்கள் என்று முதல்முறையாக வரைபடம் போட முடிந்தது.

அந்த வரைபடத்தின் கதைதான் இது. அது சரியாகக் காட்டியதையும் பார்க்கலாம், காட்டத் தவறியதையும் பார்க்கலாம்.

ஆயிரத்துக்கு எத்தனை

1662-ல் ஜான் கிராண்ட் என்ற லண்டன் துணி வியாபாரி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தேவாலயங்களில் எழுதிவைத்த ஞானஸ்நான, அடக்கக் கணக்குகளை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் அவர். லண்டனில் 13 பெண் குழந்தைகளுக்கு 14 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன என்று கண்டார். அவர் காலத்துக்குப் பிறகு உலகம் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டார்கள். யாரும் கை வைக்காதவரை 100 பெண்களுக்கு சுமார் 105 ஆண்கள் பிறக்கிறார்கள். இந்தியாவில் இதைத் திருப்பிப் போட்டு, ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று சொல்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் பிறப்பில் சுமார் 952.

952-க்குப் பிறகும் இயற்கை பெண் பக்கம்தான் நிற்கிறது. பிறந்த முதல் வாரங்களில் ஆண் குழந்தைகள்தான் அதிகம் சாகும். அதனால் வயது ஏற ஏற இந்த எண் கொஞ்சம் உயர வேண்டும். இறங்கினால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

மொத்த மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் இது தெரியாது. 1901-ல் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் ஆயிரம் ஆண்களுக்கு 1044 பெண்கள். ஆஹா, பெண்களைப் போற்றிய சமூகம் என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய ஆண்கள் இங்கே கணக்கில் வரவில்லை. பெரியவர்கள் பிழைக்கப் போவார்கள், வருவார்கள். ஆறு வயதுப் பிள்ளை தனியாகக் கப்பலேறாது. அதனால்தான் ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கிற எண் முக்கியமானது.

அந்த எண் தமிழ்நாட்டில் இப்படிப் போனது: 1961-ல் 985. 1971-ல் 974. 1981-ல் 967. 1991-ல் 948. 2001-ல் 942.

இதே காலத்தில் இன்னொரு எண் நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2001-ல் அது 50-க்குக் கீழே வந்துவிட்டது. தடுப்பூசி, சத்துணவு, சாலை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அதாவது பிள்ளைகள் முன்னைவிட அதிகம் பிழைத்த அதே முப்பது வருடத்தில், அந்தப் பிள்ளைகளுக்குள் பெண்களின் பங்கு குறைந்துகொண்டே போயிருக்கிறது. குழந்தை நலத்துக்கு ஒரே ஒரு எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

காவல்காரப் பதிவேடு

பெண் சிசுக்கொலையை எண்ணிக்கையால் பிடிக்கலாம் என்ற யோசனை பழையது. 1789-ல் காசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜோனதன் டங்கன், ராஜ்குமார் என்ற ராஜபுத்திரக் குலத்தில் பெண் குழந்தைகளைக் கொல்வதாக எழுதினார். 1795-ல் அது கொலைக் குற்றம் என்று விதி போட்டார்கள். விதி போட்டால் நின்றுவிடுமா? அடுத்த எழுபது சொச்சம் வருடம் அதிகாரிகள் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்குள் நடக்கிற கொலைக்குச் சாட்சி கிடையாது.

அப்போதுதான் எண்ணிக்கை சாட்சிக் கூண்டில் ஏறியது. 1870-ல் தனிச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்திலோ குலத்திலோ பிள்ளைகளில் பெண்களின் பங்கு மிகக் குறைந்திருந்தால் அவர்களைக் கண்காணிப்புப் பட்டியலில் போடலாம். பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யவைக்கலாம். கூடுதல் போலீஸை அங்கே நிறுத்தி, அந்தச் செலவை ஊர்க்காரர்களிடமே வசூலிக்கலாம். யார் கொன்றார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, விகிதமே குற்றப்பத்திரிகை.

சட்டம் குறிவைத்தது வடக்கத்திக் குலங்களை, தெற்குக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் அடுத்த வருடமே, 1871-ல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்ப்பது, கூட்டத்தையே பதிவேட்டில் ஏற்றிக் காவல் வைப்பது என்று இரண்டுக்கும் ஒரே மூளை. இந்த இரண்டாவது சட்டம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள் மீது அது பாய்ந்தபோது மக்கள் அதை ரேகைச் சட்டம் என்று கூப்பிட்டார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள்.

பெருங்காமநல்லூர் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறது. அறுபத்தாறு வருடம் கழித்து அந்தப் பெயர் வேறொரு பதிவேட்டில் ஏறப்போகிறது.

உசிலம்பட்டி என்ற முத்திரை

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை பற்றிப் பெரிய செய்திக் கட்டுரை வெளியிட்டது. நாடு முழுக்க அதிர்ச்சி. அதிலிருந்து உசிலம்பட்டி என்றாலே அது ஒன்றுதான் என்று ஆகிப்போனது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்து, படம் பார்த்த எல்லோர் மனசிலும் அந்த நிலத்தை இன்னும் ஆழமாகப் பதித்தது.

செய்தி பொய்யல்ல. கொலைகள் நடந்தன. ஆனால் செய்தியோடு சேர்ந்து ஒரு விளக்கமும் பரவியது. இது அந்தச் சாதியின் பழக்கம், தலைமுறை தலைமுறையாக வருவது, படிக்காத முரட்டு ஜனங்கள் என்கிற விளக்கம். ஒரு காலத்தில் கைரேகைக்காக வரிசையில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பேரப்பிள்ளைகள் மறுபடி ஒரு பிறவிக் குற்றத்தோடு நிறுத்தப்பட்டார்கள். மற்ற எல்லோருக்கும் நிம்மதி. தப்பு அங்கே நடக்கிறது, நம்ம ஊரில் இல்லை.

தலைமுறை வழக்கம் என்ற பேச்சு எண்ணோடு ஒத்துப்போகவில்லை. 1961-ல் மாநிலத்தின் எண் 985, பிறகுதான் சரிவு. ஆதிகாலத்து வழக்கம் என்றால் சரிவு ஏன் இவ்வளவு புதிது? பல ஆய்வாளர்கள் கைகாட்டியது பாசனத்தையும் பணத்தையும் ஒட்டி வந்த மாற்றத்தை. மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்த சமூகங்களில் பெண் வீடு மாப்பிள்ளைக்கு நகையும் ரொக்கமும் கொடுக்கும் வழக்கம் நுழைந்தது. பெண் வயல் வேலையில் சம்பாதித்த கூலியின் மதிப்பு குறைந்தது. குடும்பம் சிறுத்தது. ரெண்டு பிள்ளை போதும் என்று முடிவு செய்த வீட்டில் ஒன்றாவது பையனாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. இவை எதுவும் ஒரு சாதிக்கு மட்டும் சொந்தமில்லை.

பிறகு 1991 கணக்கெடுப்பின் மாவட்ட எண்கள் வந்தன. சேலம் 849. அப்போது நாமக்கல்லும் சேலத்துக்குள் இருந்தது. இயற்கையாக இருக்க வேண்டியதைவிட, ஆயிரம் பையன்களுக்கு ஏறத்தாழ நூறு பெண் பிள்ளைகள் குறைவு. இந்தியாவிலேயே மிக மோசமான மாவட்டங்களில் ஒன்று. உசிலம்பட்டியிலிருந்து சேலம் இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

முதல் வாரம்

கணக்கெடுப்பு பத்து வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கிற போட்டோ. பெண் பிள்ளைகள் குறைவு என்று சொல்லும், எப்படிக் குறைந்தார்கள் என்று சொல்லாது. கருவிலேயா, பிறந்த அன்றா, இரண்டு வயதில் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோகாமலா, அல்லது கணக்கெடுப்பாளர் கேட்டபோது பெண் பிள்ளையைச் சொல்லாமல் விட்டார்களா? எல்லாம் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது செவிலியரின் பதிவேடு. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊர் நர்ஸம்மா. கர்ப்பம் தெரிந்ததும் பெயரை எழுதுவார். ஊசி போடுவார், இரும்பு மாத்திரை கொடுப்பார். பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பார். பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதால் குழந்தை இல்லாமல் போனால் அந்த இடம் காலியாகத் தெரியும். கணக்கெடுப்பாளரிடம் மறைப்பது சுலபம். ஒன்பது மாதமாகத் தெரிந்த நர்ஸம்மாவிடம் மறைப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு நர்ஸம்மாவின் பதிவேடு மட்டும் போதாது. அன்றைய நிலவரப்படி ஐயாயிரம் பேரில் வருடத்துக்கு ஏறத்தாழ நூறு பிறப்பு, ஐந்தாறு சிசு மரணம். அதில் நாலு பெண், ரெண்டு ஆண் என்றால் அது கொலையா தற்செயலா? சொல்ல முடியாது. காசைச் சுண்டினாலே ஆறு தடவையில் நாலு தடவை பூ விழும். பல துணை நிலையங்களைக் கூட்டி, ஒன்றியம் ஒன்றியமாக, மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தால்தான் தற்செயல் கழிந்து உண்மை தெரியும்.

அதைச் செய்தவர்கள் இருவர். ஒருவர் ஷீலா ராணி சுங்கத். புதுக்கோட்டை கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிள் ஓட்டவைத்தவர். பின்னர் டென்மார்க் அரசு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பொறுப்பில் இருந்தார். மற்றவர் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயா. 1995-க்கான ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைத் தொகுத்து, 1997 ஏப்ரலில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் கட்டுரை வெளியிட்டார்கள்.

அவர்கள் பதிவேட்டுச் சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை. 'சமூகக் காரணம்' என்று எழுதத் தயங்கியவர்கள் வேறு ஏதாவது நோயை எழுதியிருப்பார்கள். அதனால் பிறந்த முதல் நாட்களின் மரணத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பார்த்தார்கள். குறைப்பிரசவத்துக்கும் ரணஜன்னிக்கும் பெண் குழந்தை மேல் தனிக் கோபம் கிடையாது. இயற்கைப்படி அந்த நாட்களில் ஆண் குழந்தைதான் அதிகம் சாக வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் இருந்தது. சில இடங்களில் மட்டும் பெண் இறப்பு கூடுதல். காரணப் பத்தியில் என்ன எழுதியிருந்தாலும், முதல் வாரத்தின் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்த இடங்களை வரைபடத்தில் நிறம் போட்டால் மதுரையில் தொடங்கி திண்டுக்கல், கரூர், சேலம், தர்மபுரி வழியாக வட ஆற்காடு வரை கிட்டத்தட்ட விட்டுப்போகாத ஒரு பட்டை. எத்தனையோ சாதிகள் வாழ்கிற நிலம் அது. மாநிலத்தின் மற்ற பகுதிகளில் இது பெரும்பாலும் இல்லை. 'ஒரு சாதியின் பழக்கம்' என்ற முத்திரையை உணர்ச்சிகரமான மறுப்புகளால் அழிக்க முடியவில்லை. ஒரு வரைபடம் அழித்தது. முதல் பெண்ணைவிட இரண்டாவது, மூன்றாவதாகப் பிறந்த பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. ரத்தத்தில் ஊறிய வெறுப்பு என்றால் முதல் பெண்ணும் தப்பியிருக்க மாட்டாள். இங்கே வீடு கணக்குப் போட்டிருக்கிறது.

1870-லும் விகிதம்தான் பார்த்தார்கள், 1995-லும் விகிதம்தான். வித்தியாசம் பதிவேடு யார் கையில் என்பதில் இருக்கிறது. முன்னதில் பதிவேடு காவல்காரர் கையில். பின்னதில் ஊசி போட வருகிற பெண்ணின் கையில்.

தொட்டிலும் வீதி நாடகமும்

எண் தெரிந்தபின் என்ன செய்தார்கள்? 1992-ல், முதல்வர் ஜெயலலிதா காலத்தில், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும். பெண்ணைக் கைவிடுவதை அரசே ஏற்றுக்கொள்வதா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தத் தொட்டிலில் உயிர் தப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

போலீஸ் வழக்குகளும் வந்தன. கைதானது பெரும்பாலும் தாய், அல்லது பாட்டி. நகை கேட்ட சம்பந்தி வீடு எந்த எஃப்.ஐ.ஆரிலும் வராது. வழக்கு என்று ஆனதும் பதிவேடும் மாறும். தான் எழுதுகிற ரெண்டு வார்த்தை நேற்று பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்த வீட்டுப் பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பும் என்றால் எந்தச் செவிலியருக்கும் கை தயங்கும். அளவுகோலைத் தண்டனைக் கோலாக்கினால் அது அளப்பதை நிறுத்திவிடும்.

தர்மபுரியில் வேறு வழி முயன்றார்கள். 1997 முதல் கலைப்பயணம். ஊர் ஊராக வீதி நாடகம், பாட்டு, அதன் பிறகு ஊர்க்கூட்டம். பேச்சை ஒழுக்கத்தில் தொடங்காமல் வரதட்சணை, சொத்து, கூலி, பிள்ளை எண்ணிக்கை என்று தொடங்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் இந்த இறப்புகள் குறைந்தன என்று சுங்கத்தும் ஆத்ரேயாவும் 2000-ல் எழுதினார்கள். பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நகர்ந்ததும் உதவியது. வார்டில் பத்துப் பேர் பார்த்த குழந்தையை வீட்டில் காணாமலாக்குவது லேசில்லை.

இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் 2001-ல் 826 ஆக இருந்த எண் 2011-ல் 913. சேலம் 851-லிருந்து 916. பத்தே வருடத்தில் இவ்வளவு ஏறுவது சின்ன விஷயமில்லை. அந்த மாவட்டங்கள் கொண்டாட வேண்டிய எண்.

பட்டை நகர்கிறது

அதே 2011 பட்டியலைக் கிழக்கே பாருங்கள். கடலூர்: 957-லிருந்து 896. அரியலூர்: 949-லிருந்து 897. 1995 வரைபடத்தில் நிறமே இல்லாத இடங்கள். பழைய பட்டை வெளுக்க வெளுக்க, வேறு இடத்தில் புதிதாகக் கறை.

மாநிலச் சராசரி? 2001-ல் 942, 2011-ல் 943. ஒரு புள்ளி ஏற்றம். சென்னையில் ஏதோ ஒரு மீட்டிங்கில் 'நிலைமை சீராக உள்ளது' என்று ஸ்லைடு போட இது போதும். அந்த ஒரு புள்ளிக்குள் தர்மபுரியின் 87 புள்ளி ஏற்றமும் கடலூரின் 61 புள்ளி இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடக்கின்றன.

2011-ல் அரசு தொட்டில் திட்டத்தைக் கடலூர், அரியலூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கு விரிவாக்கியது. எண்ணைப் பார்த்து உடனே செயல்பட்டது என்ற வகையில் பாராட்டலாம். ஆனால் தொட்டிலுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும். புதிய சரிவில் பலரும் கைகாட்டியது ஸ்கேனை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது, 2003-ல் இறுக்கினார்கள். ஆனால் கருவிலேயே முடிகிற கதையில் முதல் வாரம் கிடையாது, இறப்புப் பதிவு கிடையாது, 'சமூகக் காரணம்' என்று எழுத ஒரு பத்திகூடக் கிடையாது. செவிலியரின் பதிவேட்டுக்கு அது வெறும் கலைந்த கர்ப்பம். சிசு மரண விகிதமோ இன்னும் அழகாகும். பிறக்காத பிள்ளை சாவதில்லையே. 2020-ல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. மெச்சத்தக்க எண், சந்தேகமில்லை. ஆனால் அது எதை எண்ணவில்லை என்று கேட்டுவிட்டு மெச்சுவது நல்லது.

அடுத்த கணக்கு

2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டியது கோவிட்டில் தள்ளிப்போனது, பிறகு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது 2027 என்று அறிவித்திருக்கிறார்கள். நடுவில் தேசிய குடும்ப நல ஆய்வு மாவட்ட அளவில் எண்கள் தருகிறது. பயனுள்ளவைதான். ஆனால் அது மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு மாவட்டத்தில் சில நூறு வீடுகளில் கேட்டு வாங்குகிற பிறப்பு விகிதம், நர்ஸம்மாவின் நூறு பிறப்பைப் போலத்தான். காசு சுண்டுகிற தற்செயல் அதில் நிறைய. வீடு வீடாக, ஒவ்வொரு பிள்ளையாக எண்ணுவதற்கு மாற்று இல்லை.

அதுவரை நம்மிடம் இருக்கும் முழுக்கணக்கு 2011 மார்ச்சுடையது. அன்று ஏழு வயது நிரம்பாத எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்தப் பத்திக்குள் ஒரு எண்ணாக இருப்பீர்கள், உங்கள் அக்காவோ அண்ணனோ 2001 பத்தியில் இருப்பார்கள். உங்கள் மாவட்டத்தின் எண்ணைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பார்த்தபின் மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடாமல், 952-ஐப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பாருங்கள்.

கடலூருக்குக் கழித்தால் ஐம்பத்தாறு வரும். ஆயிரம் பையன்களுக்கு ஐம்பத்தாறு பெண்கள். இந்நேரம் அவர்கள் பிளஸ் டூ முடித்து, காலேஜ் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்க வேண்டியவர்கள்.